வீடு திரும்பும் குறைமாதக் குழந்தையும் மூடாத தமனி இணைப்புக் குழாயும்: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குறுங்குழாய், பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்வது இயல்பு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பலருக்கு அது மூடாமல் நீடிக்கிறது. அவர்களுள் ஒரு பகுதியினர் குழாய் திறந்த நிலையிலேயே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகின்றனர். அக்குழாயின் இயக்கம், அது மூடாமைக்கான காரணங்கள், வீடு திரும்பிய பின் நேரக்கூடிய மாற்றங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தஞ்சாவூரை மையமாகக் கொண்ட காவிரிப் படுகையில் தொடர் கண்காணிப்பு அறுபடக்கூடிய இடங்களையும் சுட்டுகிறது. தாய்க்குப் புரியும் தமிழில் எழுதப்பட்ட விளக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: குறைமாதக் குழந்தை, தமனி இணைப்புக் குழாய், தொடர் கண்காணிப்பு, மருத்துவத் தமிழ், காவிரிப் படுகை.

முன்னுரை

கருவுற்ற 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். உலகில் குறைமாதப் பிறப்புகள் மிகுதியாக நிகழும் நாடு இந்தியா. 2020ஆம் ஆண்டில் இங்கு ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. முன்பு பிழைக்க வாய்ப்பில்லை எனக் கைவிடப்பட்ட எடை குறைந்த குழந்தைகள் பலர், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வளர்ச்சியால் இன்று உயிருடன் வீடு திரும்புகின்றனர்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த இராசா மிராசுதார் அரசு மருத்துவமனை, பல தலைமுறைகளாகப் படுகை மக்களின் மகப்பேற்று மருத்துவமனையாக விளங்கி வருகிறது. திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்ட பின்னர், குறைமாதக் குழந்தைக்கான உயர் சிகிச்சை கடைமடைப் பகுதிகளுக்கும் சற்று அருகில் வந்துள்ளது. எனினும் குழந்தை பிழைத்து வீடு திரும்புவதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. இதயத்தை ஒட்டிய ஒரு சிறு குழாய் மூடியதா, இல்லையா என்ற வினாவும் குழந்தையுடன் வீட்டுக்குச் செல்கிறது.

1. பெயரிடுதலில் உள்ள சிக்கல்

இந்நிலையை மருத்துவமனைகளில் ‘பி.டி.ஏ.’ எனச் சுருக்கி வழங்குவர். மக்கள் வழக்கில் இதுவும் ‘இதயத்தில் ஓட்டை’ என்றே சொல்லப்படுகிறது. இதய அறைகளுக்கிடையிலான சுவரில் துளை இருக்கும் நோய்கள் வேறு. இங்குப் பேசப்படும் குழாய் இதயத்துக்கு வெளியே, இரு பெரும் தமனிகளுக்கிடையில் உள்ளது. அது கருவிலிருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. கருவில் அது இல்லாமற் போவதுதான் ஆபத்து. பிறந்த பின் மூட வேண்டிய ஒன்று மூடாமல் நிற்பதே சிக்கல். ‘ஓட்டை’ என்ற சொல் பிறவிக் குறையையும் உடைசலையும் நினைவூட்டிப் பெற்றோரைத் தேவைக்கு மேல் அச்சுறுத்துகிறது. தானாக மூடக்கூடியது என்ற செய்தியையும், மூடியதை உறுதி செய்ய வேண்டும் என்ற செய்தியையும் அச்சொல் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தமனி நாளம்’ என்று வரும். இரத்தக் குழாய் அனைத்தையும் ‘நாளம்’ என்றே தமிழ் குறிப்பதால், இப்பெயர் எதையும் தனித்துச் சுட்டுவதில்லை. ஆங்கிலப் பெயரின் முதற்சொல்லுக்குத் ‘திறந்துள்ள’ என்ற பொருளோடு ‘காப்புரிமை’ என்ற பொருளும் உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் இரண்டாவது பொருள் நுழைந்து வாசகரை முற்றிலும் திசைதிருப்பிவிடும். இக்காரணங்களால், குழாயின் இடத்தையும் பணியையும் ஒருங்கே காட்டும் ‘தமனி இணைப்புக் குழாய்’ என்ற தொடர் இக்கட்டுரையில் கையாளப்படுகிறது. இனி அது ‘இணைப்புக் குழாய்’ எனச் சுருக்கமாகச் சுட்டப்படும்.

2. இணைப்புக் குழாயின் இயக்கம்

கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து கிடைக்கிறது. நுரையீரல்கள் காற்றின்றி நீர்மத்தால் நிறைந்திருப்பதால் அவற்றின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே வரும் இரத்தத்தைத் தடுத்து நிற்கின்றன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஒரு சிறு பங்கே நுரையீரலுக்குள் செல்கிறது. நுரையீரல் தமனிக்கு வந்த இரத்தத்தின் பெரும்பகுதி இணைப்புக் குழாய் வழியே பெருந்தமனியை அடைந்து உடலுக்குச் செல்கிறது.

இதைப் படுகையின் பாசன முறையைக் கொண்டு எளிதில் விளக்கலாம். இரு வாய்க்கால்களை ஒரு வெட்டுக்கால் இணைத்தால், நீர் எப்பக்கம் பாயும் என்பதை இரண்டின் மட்டமே தீர்மானிக்கும். கருவில் நுரையீரல் தமனியின் அழுத்தம் மேல்மட்டம். பெருந்தமனியின் அழுத்தம் கீழ்மட்டம். குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, அதன் குழாய்கள் தளர்கின்றன, அங்குள்ள அழுத்தம் குறைகிறது. நஞ்சுக்கொடி துண்டிக்கப்பட்டதும் உடலின் பக்கம் அழுத்தம் உயர்கிறது. மட்டம் தலைகீழாகிறது. வெட்டுக்கால் அடைபடாவிட்டால், உடலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு பெருந்தமனியிலிருந்து திரும்பி நுரையீரலுக்குள் பாயும்.

மதகை ஆள்தான் இறக்க வேண்டும். இக்குழாயோ தன்னைத்தானே மூடிக்கொள்ளும். அதன் சுவரில் உள்ள தசை இரண்டு தூண்டல்களுக்குக் கட்டுப்படுகிறது. நஞ்சுக்கொடியில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் தசையைத் தளர்த்திக் குழாயைத் திறந்து வைக்கிறது. பிறந்தபின் அப்பொருளின் அளவு வீழ்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் உயர்கிறது. இரண்டும் சேர்ந்து தசையைச் சுருக்குகின்றன. நிறைமாதக் குழந்தைகள் பெரும்பாலோருக்கு 72 மணி நேரத்துக்குள் ஓட்டம் நின்றுவிடும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் குழாய் நாராக மாறி நிலையாக மூடிக்கொள்ளும்.

3. குறைமாதக் குழந்தைக்கு மூடாமை ஏன்

குறைமாதக் குழந்தையின் இணைப்புக் குழாய் இம்மாற்றத்துக்கு இன்னும் பக்குவப்படவில்லை. அதன் தசை ஆக்சிஜனுக்குக் குறைவாகவும் புரோஸ்டாகிளாண்டினுக்கு மிகுதியாகவும் எதிர்வினை புரிகிறது. சுவர் மெல்லியதாக இருப்பதால், ஒருமுறை சுருங்கினாலும் நாராக மாறும் இரண்டாம் கட்டம் நிகழாமல் மீண்டும் திறந்துவிடக்கூடும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை தரும் அளவுகள் இதைத் தெளிவாக்குகின்றன. 30 வாரத்துக்குப் பின் பிறந்த குறைமாதக் குழந்தைகளுள் நான்காம் நாளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கும், ஏழாம் நாளில் 2 விழுக்காட்டினருக்கும் குழாய் திறந்திருக்கிறது. 25 முதல் 28 வாரத்தில் பிறந்தோருக்கு அதே நாட்களில் இவ்விகிதம் 80, 65 விழுக்காடு. 24 வாரத்தில் பிறந்தோருக்கு 90, 87 விழுக்காடு. ஆகவே சிக்கலின் பெரும்பகுதி 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளிடமே திரண்டுள்ளது.

திறந்த குழாயால் இருவகைத் தீங்கு நேர்கிறது. நுரையீரலுக்குள் இரத்தம் மிகுதியாகப் புகுவதால் அது நீர் தேங்கிய வயல்போல் ஆகிறது. குழந்தை மூச்சுக்கு உழைக்க வேண்டியிருக்கிறது. இதயத்தின் இடப்புறம் மிகைச் சுமையால் விரிகிறது. இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் ஒவ்வொரு கணத்திலும் பெருந்தமனியின் இரத்தம் நுரையீரல் பக்கம் வழிந்துவிடுவதால் குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் ஓட்டம் குறைகிறது. தலைமடையில் உடைப்பு ஏற்பட்டால் கடைமடை காய்வதைப் படுகை மக்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. குடலும் சிறுநீரகமும் இங்கே கடைமடை.

4. சிகிச்சைச் சிந்தனையில் மாற்றம்

பாஸ்டனில் 1938 ஆகஸ்ட் 26 அன்று ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் இணைப்புக் குழாயைக் கட்டி அடைத்தார். பிறவி இதய நோய்க்கான அறுவை மருத்துவ வரலாறு இதிலிருந்தே பெரிதும் கணக்கிடப்படுகிறது. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் இண்டோமெதசின் மருந்தால் குறைமாதக் குழந்தையின் குழாயை மூடலாம் என்பதை 1976இல் இரு அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் காட்டின. பின்னர் இபுபுரூஃபனும், 2011க்குப் பின் பாராசிட்டமாலும் இப்பயன்பாட்டுக்கு வந்தன. தொடை இரத்தக் குழாய் வழியே நுண்குழல் செலுத்தி, சிறு கருவியால் அடைக்கும் முறையும் வளர்ந்தது. 700 கிராம் எடையுள்ள குழந்தைக்கும் பொருந்தும் கருவிக்கு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

மூட முடியும் என்பதாலேயே எல்லோருக்கும் மூட வேண்டுமா என்ற வினா அண்மையில் வலுப்பெற்றுள்ளது. குழாய் திறந்திருந்த மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே இபுபுரூஃபன் கொடுப்பதைப் பற்றிய ஐரோப்பிய ஆய்வு 2023இலும், பிரித்தானிய ஆய்வு 2024இலும் முடிவுகளை வெளியிட்டன. 653 குழந்தைகள் பங்கேற்ற பிரித்தானிய ஆய்வில், தொடக்கத்திலேயே மருந்து கொடுத்ததால் இறப்போ நாட்பட்ட நுரையீரல் பாதிப்போ குறையவில்லை. காத்திருந்து கண்காணிப்பது மோசமான முடிவைத் தரவில்லை என்பதை ஐரோப்பிய ஆய்வும் காட்டியது.

இம்மாற்றத்தின் விளைவு கவனத்துக்குரியது. காத்திருக்கும் அணுகுமுறை பரவப் பரவ, குழாய் திறந்த நிலையில் வீடு திரும்பும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் காத்திருக்கலாம். அங்குக் கருவிகளும் செவிலியரும் உள்ளனர். வீட்டில் காத்திருப்பவர் தாய். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

5. வீடு திரும்பிய பின்

‘தானாக மூடிவிடும்’ என்ற ஆறுதல் எந்த அளவுக்கு உண்மை? 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், திறந்த குழாயுடன் வீடு திரும்பிய 21 குழந்தைகளுள் 18 பேருக்கு அது தானாக மூடியது. 2022இல் வெளிவந்த பல மருத்துவமனைகளின் கூட்டாய்வில் இத்தகைய 201 குழந்தைகள் பின்தொடரப்பட்டனர். 12 மாதத்தில் 47 விழுக்காட்டினருக்கும், 18 மாதத்தில் 58 விழுக்காட்டினருக்கும் மட்டுமே தானாக மூடியிருந்தது. முதல் ஆய்வின் எண்ணிக்கை மிகச் சிறிது. இரண்டாவது பெரியது, முன்கூட்டித் திட்டமிட்டுப் பின்தொடர்ந்தது. ஆகவே பலருக்குத் தானாக மூடும், கணிசமானோருக்கு ஒன்றரை ஆண்டு கடந்தும் மூடாது என்று கொள்வதே தகும்.

காலக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. பிறந்தபின் நுரையீரலின் எதிர்ப்பு ஒரே நாளில் முழுமையாகக் குறைவதில்லை; வாரக்கணக்கில் குறைகிறது. அது குறையக் குறையத் திறந்த குழாய் வழியே நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் கூடும். மருத்துவமனையில் அமைதியாக இருந்த குழந்தைக்கு வீட்டில் அறிகுறி தோன்றக்கூடும் என்பதன் பொருள் இதுவே.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் கருவியின்றியே காணத்தக்கவை. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தல். சிறிது குடித்ததும் களைத்து விட்டுவிட்டுக் குடித்தல். அமைதியாக இருக்கும்போதும் ஒரு முழு நிமிடத்தில் 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குதல். விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தல். நாளுக்கு 20 முதல் 30 கிராம் என்ற அளவில் எடை கூடாமை. மார்புச் சளி மீண்டும் மீண்டும் வருதல் ஆகியன முதன்மையானவை. உதடு நீலம் பாய்தல், பாலை முற்றிலும் மறுத்தல், மூச்சு நின்று நின்று வருதல் ஆகியன உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்.

இவ்வறிகுறிகள் எதுவும் இல்லாமலும் குழாய் திறந்திருக்கலாம். இடையறாத இரைச்சலை மார்பில் கேட்டுக் கண்டறிவது 1900இல் எடின்பரோ மருத்துவர் கிப்சன் விவரித்த முறை. குறைமாதக் குழந்தையிடம் அவ்வொலி கேளாமலும் போகலாம். குழாய் மூடியதை எக்கோ பரிசோதனையே உறுதி செய்யும். பெரிய குழாய் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் நீடித்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து, ஓட்டம் மீண்டும் தலைகீழாகும். அந்நிலையில் கைவிரல்கள் சிவந்தும் கால்விரல்கள் நீலமாகவும் இருப்பதுண்டு. அப்போது குழாயை அடைப்பதே ஆபத்தாகிவிடும்.

6. கண்காணிப்பு அறுபடும் இடங்கள்

படுகையில் தொடர் கண்காணிப்புக்கான அமைப்புகள் உள்ளன. கிராம சுகாதாரச் செவிலியர், துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் என்ற வரிசை வீட்டுவாசல் வரை நீள்கிறது. 2013இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட சிறார் நலப் பரிசோதனைத் திட்டம், பிறவி இதய நோயைக் கண்டறிய வேண்டிய குறைகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. அதன்கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு இதய சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இவ்வளவு இருந்தும் இழை அறுபடக்கூடிய இடங்கள் மூன்று.

முதலாவது இடமாற்றம். தலைப்பேறு தாய்வீட்டில் என்பது தமிழ்ச் சமூக வழக்கம். மன்னார்குடிப் பக்கம் தாய்வீட்டுக்கு வந்தவர், தஞ்சாவூரில் பிள்ளை பெற்று, சில மாதங்கள் கழித்து மயிலாடுதுறைப் பக்கம் உள்ள கணவர் வீட்டுக்குச் செல்வார். அக்காலத்தில்தான் குழாய் மூடியதா எனப் பார்க்க வேண்டும். மாவட்டமும் செவிலியரும் மாறிவிடுகின்றனர். கருவுற்றபோது பெற்ற பிக்மி எண் தாயுடன் செல்லும். ‘குழாய் திறந்துள்ளது’ என்ற செய்தி அந்த எண்ணோடு செல்ல வேண்டும்.

இரண்டாவது பருவம். குறுவை நடவு, சம்பா நடவு, அறுவடை ஆகிய காலங்களில் நாட்கூலியை விட்டு, வேதாரண்யம் போன்ற கடைமடை ஊர்களிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பயணம் செய்து தஞ்சாவூருக்கு வருவது எளிதன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலைகள் துண்டிக்கப்படுவதுண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தபின் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த ஊர்களில், மருத்துவமனைத் தேதி நினைவில் இருக்கக் காரணமில்லை. மறு பரிசோதனைத் தேதியைக் குறிக்கும்போது பருவத்தையும் குடும்பத்தின் வேலையையும் கேட்டுக் குறிப்பது செலவில்லாத சீர்திருத்தம்.

மூன்றாவது பொருள்கோடல். பால் குடியாமை, இளைப்பு, எடை கூடாமை ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்கள் கவனிக்காமல் இருப்பதில்லை. மாந்தம், கணை, சளி என அவற்றுக்குப் பெயரும் வைத்திருக்கின்றனர். தொக்கம் எடுப்போரிடம் அழைத்துச் செல்வதும் உண்டு. அவர்களது கண் சரியாகவே பார்க்கிறது, காரணம்தான் வேறாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ‘இது மாந்தம் என்று தோன்றினால், முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள்’ எனப் பாட்டியின் சொல்லையே கையாண்டு அறிவுறுத்துவது பயன் தரும்.

தடுப்பூசி நாட்கள் இம்மூன்றையும் ஓரளவு ஈடுசெய்யவல்லவை. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளுக்குப் பெரும்பாலான தாய்மார்கள் வருகின்றனர். அன்றே எடை பார்த்து, மூச்சை எண்ணி, பால் குடிக்கும் விதத்தைக் கேட்டுவிடலாம். குறைமாதக் குழந்தைக்கும் தடுப்பூசி பிறந்த தேதியைக் கொண்டே போடப்படுகிறது. வளர்ச்சியை மட்டும் எதிர்பார்த்த பேற்றுத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 14ஆம் வாரத் தடுப்பூசிக்கு வரும்போது வளர்ச்சிக் கணக்கில் அதற்கு இரண்டு வாரமே ஆகியிருக்கும். திறந்த இணைப்புக் குழாயைக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. மார்புத் தொற்று இக்குழந்தைகளைப் பிறரினும் கடுமையாகத் தாக்கும்.

7. தமிழில் ஒரு தாள்

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்பது பழைய வினா. அதற்கு விடையும் பழையது. சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தஞ்சாவூரில் 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத் தொகுதிகளை வெளியிட்டது. கலைச்சொற்கள் நூலகத்தில் உள்ளன. அதே நகரில் குழந்தையுடன் வீடு திரும்பும் தாயின் கையில் உள்ள ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளால் ஆனது. அது அடுத்த மருத்துவருக்காக எழுதப்படுவது. அதற்கு அம்மொழி தேவையாகலாம். தாய்க்கு எழுதப்படும் தாள் வேறாக இருக்க வேண்டும். அதன் மாதிரியைப் பின்வருமாறு அமைக்கலாம்:

“அம்மா, உங்கள் குழந்தையின் இதயத்தில் ஓட்டை இல்லை. வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் இதயத்துக்கு மேலே ஒரு சின்னக் குழாய் இருக்கும். பிறந்ததும் அது மூடிக்கொள்ளும். உங்கள் குழந்தை முன்கூட்டியே பிறந்ததால் அது இன்னும் மூடவில்லை. பல குழந்தைகளுக்குத் தானாக மூடிவிடும். மூடியதா என்று எக்கோ எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த எக்கோ இந்தத் தேதியில், இந்த இடத்தில். குழந்தை நன்றாக இருந்தாலும் வாருங்கள். பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை கூடாவிட்டாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். வேறு ஊருக்குப் போனால் அங்குள்ள செவிலியரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்.”

இத்தாளில் மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் வேளை ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். நீர் பிரிய வைக்கும் சொட்டுமருந்துடன் வீடு திரும்பும் குழந்தைக்கு எடை கூடக் கூட அளவு மாறும் என்பதால், அளவோடு எடையும் தேதியும் எழுதப்பட வேண்டும். எழுத்தறியாத பெரியவர்கள் உள்ள வீட்டில் தாளைப் படித்துக் காட்டி, அவர்கள் திருப்பிச் சொல்லக் கேட்பது செவிலியரின் பணியாகலாம்.

முடிவுரை

தமனி இணைப்புக் குழாய் மூடாமை, குறைமாதப் பிறப்போடு வரும் பக்குவக் குறைவே. பலருக்கு அது காலத்தால் தீரும். மூடாதவருக்கு மருந்து, நுண்குழல் சிகிச்சை, அறுவை எனப் பயனுள்ள வழிகள் உள்ளன. காத்திருக்கும் மருத்துவம் பெருகிவரும் நிலையில், மருத்துவரின் செவியும் கருவியும் செய்த பணியின் ஒரு பகுதி தாயின் கண்ணுக்கு மாறியுள்ளது. இடமாற்றம், பருவம், பொருள்கோடல் ஆகிய மூன்று இடங்களில் அறுபடும் கண்காணிப்பை இணைக்க, தாய்க்கென எழுதப்பட்ட ஒரு தமிழ்த் தாளும் தடுப்பூசி நாளின் சில நிமிடங்களும் பெரிதும் உதவும். அத்தாளைச் செப்பமாக எழுதுவதில் மருத்துவத் துறையினரோடு தமிழ்த் துறையினருக்கும் பங்கு உண்டு. படுகையின் வட்டார வழக்குக்கு ஏற்ப அதன் சொற்களைத் தாய்மார்களிடமே சோதித்துத் திருத்துவது அடுத்த ஆய்வுக்குரிய களமாகும்.